ஐந்து மதிப்பெண் வினா

பி.எட். படித்த யாரை வேண்டுமானாலும் நடுராத்திரியில் எழுப்பி 'முதலியார் குழு' என்று சொல்லிப் பாருங்கள். '1952-53, இடைநிலைக் கல்வி, பல்நோக்குப் பள்ளிகள்' என்று கண்ணைத் திறக்காமலே ஒப்பித்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வார். ஐந்து மதிப்பெண் வினா அது. வராத வருஷமே கிடையாது என்று சீனியர்கள் சொல்லிவைத்திருந்தார்கள். நானும் எழுதினேன். ஐந்துக்கு நாலோ நாலரையோ போட்டிருப்பார்கள்.

அந்த முதலியார் யார் என்று கேட்க அன்றைக்குத் தோன்றவில்லை. அரியலூர், பெரம்பலூர் பக்கத்துப் பள்ளிகளில் 32 வருஷம் வாத்தியார் வேலை பார்த்து 2019-ல் ஓய்வு பெறும்வரைக்கும் தோன்றவில்லை. போகிக்கு வீட்டை ஒழிக்கும்போது பரணிலிருந்து அப்பாவின் டிரங்குப் பெட்டி இறங்கியது. அதில் அவருடைய பி.ஏ. பட்டச் சான்றிதழ். ஓரமெல்லாம் பூச்சி அரித்த தடித்த காகிதம், சென்னைப் பல்கலைக்கழக முத்திரை, 1959-ஆம் வருஷம். கீழே துணைவேந்தர் கையெழுத்து: ஏ.எல். முதலியார். எங்கேயோ கேட்ட பெயராக இருக்கிறதே என்று யோசித்தேன். பிறகுதான் உறைத்தது, ஐந்து மதிப்பெண் வினாவும் இந்தக் கையெழுத்தும் ஒரே ஆள்.

ஆற்காடு லட்சுமணசாமி முதலியார். 1887 அக்டோபர் 14 அன்று கர்னூலில் பிறந்தவர். கூடவே பிறந்த இரட்டையர் சர் ஏ. ராமசாமி முதலியார், மைசூர் திவானாக இருந்தவர். லட்சுமணசாமி வைத்தியத்துக்குப் போனார். பிரசவ மருத்துவத்தில் இவர் எழுதிய ஆங்கிலப் பாடநூலைப் பல தலைமுறை டாக்டர்கள் படித்தார்கள். சென்னை மருத்துவக் கல்லூரிக்கு முதல் இந்திய முதல்வர். 1942-ல் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரானவர் 1969 வரை, 27 வருஷம், அந்த நாற்காலியில் இருந்தார். வெள்ளைக்காரன் காலத்தில் உட்கார்ந்தவர் பிரகாசம், ஓமந்தூரார், குமாரசாமி ராஜா, ராஜாஜி, காமராஜர், பக்தவத்சலம், அண்ணா என்று அத்தனை முதலமைச்சர்களையும் பார்த்துவிட்டு, கலைஞர் வந்த வருஷத்தில்தான் எழுந்தார். ஒரே மனிதர் ஒரே நாற்காலியில் இத்தனை வருஷம் இருக்கலாமா என்று யாராவது கேட்டால் கூடாது என்றுதான் சொல்வேன். ஆனால் அப்படிக் கேட்கவும் முதலில் ஆளைத் தெரிந்திருக்க வேண்டுமே.

என்னை யோசிக்க வைத்தது வேறொன்று. இவர் சட்டமன்ற மேலவையிலும் நெடுங்காலம் உறுப்பினர். அறுபதுகளில் அங்கே எதிர்க்கட்சித் தலைவர். காலையில் பல்கலைக்கழகக் கோப்பில் கையெழுத்துப் போடுகிறவர், சபை கூடினால் அரசாங்கத்துக்கு எதிர்வரிசையில் உட்கார்கிறார். இன்றைக்கு ஒரு துணைவேந்தரை அப்படி நினைத்துப் பார்க்க முடியுமா? 'காலம் கெட்டுப்போச்சு' என்று சொல்லித் தப்பிக்க வரும். அதைச் சொல்வதற்கு முன்னால் நாங்கள் என்ன செய்தோம் என்று சொல்லிவிடுகிறேன்.

மேலவையில் பன்னிரண்டில் ஒரு பங்கு இடம் பட்டதாரிகள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பது. இன்னொரு பன்னிரண்டில் ஒரு பங்கு ஆசிரியர்கள் தேர்ந்தெடுப்பது. பட்டம் வாங்கி மூன்று வருஷம் ஆனவர் மனுப் போட்டுப் பட்டியலில் பெயர் சேர்த்துக்கொள்ள வேண்டும். அப்பா பட்டதாரி, உயர்நிலைப் பள்ளி வாத்தியாரும்கூட. இரண்டு ஓட்டுக்கும் உரியவர். ஒன்றையும் அவர் போட்டதில்லை. 'அதெல்லாம் பட்டணத்து வக்கீலுங்க சமாச்சாரம்டா, தாலுகா ஆபீசுக்கு யாரு நடக்கறது' என்பார். சம்பள உயர்வுக்கும் வீட்டுக்கடனுக்கும் அதே தாலுகா ஆபீசுக்கு எத்தனை நடை நடந்தார் என்று எனக்குத் தெரியும்.

அப்பாவைச் சொல்லி என்ன? என் பட்டத்துக்கு மூன்று வருஷம் நிறைந்தது 1986-ல். அதே வருஷம் நவம்பர் 1 அன்று மேலவையையே கலைத்துவிட்டார்கள். ம.பொ.சி.தான் கடைசித் தலைவர். அந்தச் செய்தியை அரியலூர் பஸ் ஸ்டாண்டில் டீக்கடைப் பேப்பரில் படித்தேன். படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினேன். எனக்கு வரவேண்டிய ஓட்டு ஒன்று போகிறது என்று தெரியவே இல்லை. மேலவை வேண்டுமா வேண்டாமா என்பதில் இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. 2010-ல் மறுபடி கொண்டுவரச் சட்டமன்றத்தில் தீர்மானம் போட்டார்கள், அடுத்த வருஷம் ஆட்சி மாறியதும் கைவிட்டார்கள். அந்த இரண்டு தடவையும் எங்கள் ஆசிரியர் அறையில் அதைப் பற்றி ஒருவர் ஒரு வார்த்தை பேசிய ஞாபகம் எனக்கில்லை. அகவிலைப்படி எத்தனை சதவீதம் என்று மட்டும் எல்லாருக்கும் தெரியும்.

இன்னொரு சம்பவம். 1947-ல் சென்னையில் அன்னி பெசன்ட் நூற்றாண்டு விழா. வசதியுள்ளவர்கள் வெளியூர்களில் கல்லூரி தொடங்க முன்வர வேண்டும் என்று அந்த மேடையில் துணைவேந்தர் முதலியார் கேட்டுக்கொண்டார். அழகப்பச் செட்டியார் அங்கேயே காரைக்குடியில் ஒரு கல்லூரி தொடங்குவதாக அறிவித்தார். அங்கே பிறகு நடந்ததெல்லாம் உலகத்துக்குத் தெரியும். எங்கள் பக்கம் அரியலூர், உடையார்பாளையம் என்று இரண்டு ஜமீன் இருந்த சீமை. வியாபாரிகள் இருந்தார்கள், மிராசுகள் இருந்தார்கள். எவரும் எழுந்திருக்கவில்லை. 1965-ல் சர்க்கார் கலைக்கல்லூரி வரும்வரை பதினெட்டு வருஷம் காத்திருந்தோம். அதற்கு முன்னால் எங்கள் பிள்ளைகள் ரயிலேறித் திருச்சிக்குப் போனார்கள். பெரம்பலூர்க்காரர்களுக்கு அந்த ரயிலும் இல்லை, இன்றுவரை இல்லை. அந்தக் கல்லூரியில்தான் நானும் படித்தேன். ஒரு செங்கல்லுக்குக்கூட எங்கள் குடும்பம் காசு கொடுத்ததில்லை, கேட்டும் யாரும் வந்ததில்லை. படித்துவிட்டு வெளியே வந்த நாங்கள் ஒரு நாற்காலியாவது வாங்கிப் போட்டோமா என்றால், அதுவும் இல்லை.

சரி, அந்த ஐந்து மதிப்பெண்ணுக்கு வருகிறேன்.

ஓய்வுக்குப் பிறகு, கொஞ்சம் வெட்கத்தோடுதான், அந்தக் குழுவின் அறிக்கையைத் தேடிப் படித்தேன். 1952-ல் அமைத்த குழு, 1953 ஆகஸ்டில் அறிக்கை கொடுத்துவிட்டது. உறுப்பினர்களில் ஒருவர் ஹன்சா மேத்தா. அவரும் பம்பாய் மேலவையில் இருந்தவர், பரோடா பல்கலைக்கழகத் துணைவேந்தர். சட்டமும் கல்வியும் தெரிந்தவர்கள் சேர்ந்து எழுதியது என்பது படித்தால் தெரிகிறது. ஒரு வகுப்பில் 30 பேர் இருந்தால் நல்லது, 40-க்கு மேல் கூடவே கூடாது. பள்ளிக்கு நூலகம்தான் நடுநாயகம். பொதுத்தேர்வுகளைக் குறைக்க வேண்டும், எண்ணால் மதிப்பெண் போடுவதைவிடக் குறியீட்டுத் தரம் மேல். பையன் மூன்று மணி நேரத்தில் எழுதியதை மட்டும் பார்க்காமல், வருஷம் முழுக்க எப்படி இருந்தான் என்று பள்ளியே எழுதி வைக்கிற பதிவேட்டையும் பார்க்க வேண்டும். பரீட்சை படிப்பை விழுங்கிவிட்டது என்பதுதான் பக்கத்துக்குப் பக்கம் அவர்கள் கவலை. அதைத்தான் பரீட்சைக்காக மனப்பாடம் செய்து, பரீட்சை முடிந்த சாயங்காலம் மறந்தோம்.

அந்தப் பதிவேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கியூமுலேடிவ் ரெக்கார்டு என்று நாங்கள் சொல்லும் திரள் பதிவேடு. ஆளுக்கு ஒரு அட்டை. வீட்டு நிலை, உடல்நலம், எதில் ஆர்வம், என்ன திறமை, எதற்குப் பயப்படுகிறான் என்று வருஷாவருஷம் எழுதிக்கொண்டு வரவேண்டும். நாங்கள் எப்படி எழுதினோம் தெரியுமா? ஆண்டாய்வு என்று கடிதம் வந்ததும் முந்தின நாள் சாயங்காலம் மிக்சரும் டீயும் வாங்கி வைத்துக்கொண்டு நாலு பேர் உட்காருவோம். 'விடாமுயற்சி: நன்று. தலைமைப் பண்பு: சராசரி. ஆர்வம்: விளையாட்டு.' அடுத்த அட்டை. 'விடாமுயற்சி: சராசரி. தலைமைப் பண்பு: நன்று.' ஒரே நாளில் எழுதியது தெரியாமலிருக்க, சீனியர் சார் ஒருவர் சொல்லிக்கொடுத்தபடி ஊதா பேனா, கறுப்பு பேனா என்று மாற்றி மாற்றி எழுதுவோம். ஆய்வுக்கு வந்தவரும் பழைய வாத்தியார்தான். நாலு அட்டையைப் புரட்டிப் பார்த்து, சிரித்து, பச்சை மையில் கையெழுத்துப் போட்டார். இதில் யார் யாரை ஏமாற்றினோம் என்று இப்போது யோசிக்கிறேன். அட்டையில் இருந்த பையன்கள் அந்தச் சாயங்காலம் எங்கள் அறை வாசலிலேயே பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். எட்டிக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்.

எங்கள் மாவட்டங்களைப் பின்தங்கியவை என்று சொல்லிச் சொல்லி எங்களுக்கு ஒரு ரோஷம் உண்டு. 1995-ல் பெரம்பலூர் தனி மாவட்டமானது. அதிலிருந்து 2001-ல் அரியலூரைப் பிரித்து, 2002-ல் திரும்பச் சேர்த்து, 2007-ல் மறுபடி பிரித்தார்கள். இந்தப் பிள்ளைகளா என்று கேட்டவர்களுக்கு மதிப்பெண்ணால் பதில் சொன்னோம். 2023 பத்தாம் வகுப்பில் 97.67 சதவீதத்தோடு பெரம்பலூர் மாநிலத்தில் முதலிடம். 2024-ல் 97.31-ஓடு அரியலூர். 2025 பிளஸ் டூவில் 98.82-ஓடு மறுபடி அரியலூர். அந்தப் பிள்ளைகளின் உழைப்பையும், மார்கழிப் பனியில் காலை ஏழு மணிக்கு ஸ்பெஷல் கிளாஸ் எடுத்த வாத்தியார்களையும் நான் ஒரு சொல் குறைத்துப் பேசமாட்டேன். அந்தப் பெருமையில் எனக்கும் பங்கு இருக்கிறது. ஆகவே அதன் பின்பக்கத்திலும் பங்கு இருக்கிறது.

பின்பக்கம் என்றால், பிளஸ் ஒன் பாடத்தை ஓரங்கட்டியது. பல தனியார் பள்ளிகள் பிளஸ் ஒன் வகுப்பில் ஜூன் மாதமே பிளஸ் டூ புத்தகத்தைப் பிரித்தன. அரசுப் பள்ளியில் நாங்கள் கொஞ்சம் கூச்சப்பட்டு ஜனவரி வரை பொறுத்தோம், அவ்வளவுதான் வித்தியாசம். என் மகனை நான் வேலை பார்த்த பள்ளியில் சேர்க்கவில்லை. கடன் வாங்கி, ஹாஸ்டலோடு உள்ள ஒரு பள்ளியில் சேர்த்தேன். அங்கே இரண்டு வருஷமும் ஒரே புத்தகம். சேர்க்கும்போதே எனக்குத் தெரியும், வாத்தியாருக்குத் தெரியாதா? கணக்கில் 197 வாங்கினான், தெருவுக்கே லட்டு கொடுத்தோம். இன்ஜினியரிங் முதல் செமஸ்டரில் அதே கணக்கில் அரியர் வைத்தான். போனில் கேட்டேன். 'பிளஸ் ஒன்ல வரும்னு நடத்திக்கிட்டே போறாங்கப்பா, நமக்குத்தான் அதை நடத்தவே இல்லையே' என்றான். அவன் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

2017-18-ல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வைத்தார்கள். அதற்கு ஒரு காரணம் நாங்கள். படிப்பைப் பரீட்சை விழுங்குகிறதே என்று ஒருவர் 1953-ல் கவலைப்பட்டார். பரீட்சை வைத்தால்தான் பாடம் நடத்துவோம் என்ற இடத்துக்கு அறுபது வருஷத்தில் வந்து சேர்ந்திருந்தோம்.

குழு சொன்ன பல்நோக்குப் பள்ளி என்பதன் மிச்சம்தான் 1978-ல் பிளஸ் டூவோடு வந்த தொழிற்கல்விப் பிரிவு என்று எனக்குப் படுகிறது. நான் இருந்த ஒரு பள்ளியில் ஜெனரல் மெஷினிஸ்ட் குரூப் இருந்தது. ஒரு லேத், இரண்டு டிரில்லிங் மெஷின், ஒரு தொழிலாசிரியர். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் சேர்க்கைக்கு நான்தான் உட்காருவேன். 400-க்கு மேலென்றால் ஃபர்ஸ்ட் குரூப், அதற்குக் கீழே சயின்ஸ், அப்புறம் காமர்ஸ், கடைசியில் மிஞ்சினவர்கள் தொழிற்கல்வி. உனக்கு என்ன பிடிக்கும் என்று ஒருத்தனைக்கூட நான் கேட்டதில்லை. ஒரு பையன் மட்டும் அவனாகவே வந்து, சயின்ஸ் குரூப் கிடைக்கிற மார்க்கை வைத்துக்கொண்டு, 'எனக்கு மெஷின் குரூப் குடுங்க சார்' என்று கேட்டான். கரண்ட் மோட்டாரைப் பிரித்துக் கோத்துவிடுவான் என்று ஊரே சொல்லும். 'உருப்படற வழியைப் பாருடா' என்று சொல்லி சயின்ஸில் போட்டேன். அறிவுரை சொன்ன திருப்தியோடு அன்றைக்குச் சாப்பிட்டேன்.

சில வருஷத்தில் தொழிலாசிரியர் ஓய்வு பெற்றார். இடம் நிரம்பவில்லை. மேலே எழுதிக் கேட்கலாமா என்று பேச்சு வந்தது. எழுதவில்லை. அந்தப் பிரிவு இல்லாவிட்டால் தேர்ச்சி விகிதம் ஒரு படி ஏறும் என்று கூட்டத்தில் சொன்னது நான். யாரும் மறுத்துப் பேசவில்லை. லேத் இருந்த ஷெட்டில் சத்துணவு அரிசி மூட்டைகளை அடுக்கினோம்.

இதில் எனக்கு ஆறாதது இன்னொன்று. தொழிற்சாலைகளுக்குப் பக்கத்திலேயே தொழிற்பள்ளிகள் இருக்க வேண்டும், அதற்காகத் தொழிற்சாலைகளிடம் ஒரு சிறு கல்வி வரி வாங்கலாம் என்று அந்த அறிக்கை சொல்கிறது. அரியலூரைப் போல அதற்கு வாகான மண் எது? பூமிக்கடியில் சுண்ணாம்புக்கல். அரசு சிமெண்ட் ஆலை வந்து நாற்பது வருஷத்துக்கு மேலாகிறது. அதன் பிறகு வரிசையாகப் பெரிய ஆலைகள். ராத்திரி பகலாகச் சுண்ணாம்புக்கல் லாரி போகாத ரோடு கிடையாது. லாரி அடித்துப் பிள்ளைகள் போனபோது மறியல் செய்திருக்கிறோம், வேலை கேட்டும் மறியல் செய்திருக்கிறோம். வாட்ச்மேன், லோடுமேன் வேலைகளை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். எங்கள் பையன்களுக்கு உங்கள் மெஷினைச் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. என் 32 வருஷத்தில் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் எத்தனை சுற்றுலா கூட்டிப்போயிருப்பேன்! சிமெண்ட் சூளை எப்படிச் சுழல்கிறது என்று பார்க்க ஒரு வகுப்பைக்கூடக் கூட்டிப்போனதில்லை. வாரணவாசியில் தொல்லுயிர் எச்ச அருங்காட்சியகம் திறந்தார்கள். சாத்தனூரில் கோடிக்கணக்கான வருஷத்துக்கு முந்தைய கல்மரம் கிடக்கிறது. அதையும் பாடத்தில் படித்துவிட்டுப் பாடத்திலேயே விட்டோம். கடல் இருந்த மண் என்று சொன்னால் பிள்ளைகள் நம்புவதில்லை. நம்பும்படி நாங்கள் காட்டவில்லை.

முதலியார் 1974-ல் காலமானார். தரமணியில் மருத்துவப் பட்டமேற்படிப்பு நிறுவனம் ஒன்று அவர் பெயரில் இருக்கிறது. உலக சுகாதாரப் பேரவைக்கு 1961-ல் தலைவராக இருந்தவர், பத்மவிபூஷண். அவரைக் குறை சொல்லவும் ஆள் இருக்கும், இருக்கட்டும். சட்டமன்றத்தில் ஒரு காலும் பல்கலைக்கழகத்தில் ஒரு காலுமாக நின்று அவர் எழுதியதை, மேலே உள்ளவர்கள் செயல்படுத்தவில்லை என்று சொல்லிவிடுவது எளிது. நானும் பல வருஷம் அப்படித்தான் சொல்லிவந்தேன். ஆனால் திரள் பதிவேட்டை எழுதுகிற பேனா என் கையில்தான் இருந்தது. குரூப் பிரிக்கிற நாற்காலியில் நான்தான் உட்கார்ந்திருந்தேன்.

ஓய்வு பெற்ற நாங்கள் நாலு பேர் போன மாதம் லேத் இருந்த அந்தப் பள்ளிக்குப் போனோம். தலைமையாசிரியை என்னிடம் படித்த பெண். அனுமதி கேட்டதும் சாவியை எடுத்துக்கொண்டு அவரே கூட வந்தார். மூட்டைகளை நகர்த்தினால் லேத் இருக்கிறது. சக் துருப்பிடித்து இறுகிவிட்டது. பெட்டின் மேல் எலிப்புழுக்கை. ஓடுமா ஓடாதா என்று எங்களில் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை, நாலு பேரும் பட்டதாரிகள் ஆயிற்றே.

இப்போது வேலையில் இருக்கும் சகாக்களுக்கு ஒரு வேண்டுகோள். 2025-26 முதல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு கிடையாது. அந்த ஜூன் மாத ஆசை மறுபடி வாசலில் வந்து நிற்கும். தலைமையாசிரியர் சொல்வார், பெற்றோர் கேட்பார்கள், என்னைப் போன்ற அப்பன்மார் லட்டுக்கு ஆசைப்பட்டு வந்து நிற்பார்கள். தயவுசெய்து பிளஸ் ஒன் புத்தகத்தைக் கடைசிப் பாடம் வரை நடத்துங்கள். ஆண்டாய்வுக்கு முன்னாலேயே, ஒரு நாளைக்கு இரண்டு அட்டை போதும், பையனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

மெஷின் குரூப் கேட்ட அந்தப் பையனுக்கு இப்போது நாற்பது வயசுக்கு மேல். பிளஸ் டூவில் தேறாமல் கோயம்புத்தூர் போய் ஆறு வருஷம் எடுபிடியாக நின்று தொழில் கற்றுக்கொண்டு வந்து, செந்துறை ரோட்டில் சொந்தமாக லேத் பட்டறை வைத்திருக்கிறான். பள்ளிக்கூட லேத்தைப் பார்க்க வருகிறாயா என்று போய்க் கேட்டேன். கையைத் துடைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தான். சனிக்கிழமை மத்தியானம் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான்.